ரூட் கேனல் சிகிச்சை: பாதியில் விடாதீர்கள்!

'ரூட் கேனல் பண்ணணும்' என்று பல் டாக்டர் சொன்னதுமே பலருக்கு வயிற்றைக் கலக்கும். வலி நின்றதும் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுபவர்களும் நிறைய. இந்த சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை இதோ:

1. ஐஸ்கிரீம் பட்டதும் சுரீரென்று கூசி உடனே அடங்கினால், பெரும்பாலும் சாதாரண அடைப்பே போதும். விழுங்கிய பிறகும் அரை நிமிடத்துக்கு மேல் விண்விண்ணென்று தெறித்தாலோ, இரவில் படுத்ததும் வலி கூடினாலோ, சொத்தை பல்லின் நடுவிலுள்ள நரம்பை எட்டியிருக்கலாம். டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

2. பல நாள் வலித்த பல் திடீரென்று அமைதியானால் குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். கிருமியோ வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். ஈறில் சிறு கொப்புளம் தோன்றி, சீழ் வடிந்து, அடங்கி, மறுபடி வருவது இதன் அடையாளம்.

3. கிராம்புத் தைலத்தை ஈறில் அப்புவது, ஆஸ்பிரினைப் பல்லருகே அடக்கிக்கொள்வது இரண்டுமே ஈறைப் புண்ணாக்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள். நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது.

4. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம், மருந்து அலர்ஜி எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

5. ஊசி போட்டு மரத்துப்போன பிறகே பல்லில் சிறு துளையிடுவார்கள். மெல்லிய ஊசி போன்ற கருவிகளால் கெட்ட நரம்பை எடுத்து, கிருமிநாசினியால் கழுவி, மரப்பாலிலிருந்து கிடைக்கும் 'கட்டா பெர்ச்சா' என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைப்பார்கள். வேருக்குள் நரம்பு இருக்கும் கால்வாய் முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றே. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக மூன்று. அதனால்தான் கடைவாய்ப்பல்லுக்கு நேரமும் செலவும் கூடுகிறது.

6. மரப்பு இறங்க இரண்டு மூன்று மணி நேரமாகும். அதுவரை சூடான காபி, சாப்பாடு வேண்டாம். நாக்கையோ கன்னத்தையோ கடித்துக்கொண்டாலும் தெரியாது.

7. கடிக்கும்போது சில நாட்கள் லேசாக வலிப்பது இயல்பு. வலியோ வீக்கமோ நாளுக்கு நாள் கூடினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

8. சிட்டிங்குகளுக்கு இடையே போடும் தற்காலிக அடைப்பு இருக்கும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, கடலை மிட்டாய், அல்வா வேண்டாம். அடைப்பு விழுந்துவிட்டால் எச்சிலோடு கிருமி மறுபடி உள்ளே போகும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

9. கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் அதை மூடும் 'கேப்' தேவைப்படும். உள்ளே குடைந்த பல் மெல்லும் அழுத்தத்தில் பிளக்கலாம். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது.

10. நரம்பு எடுத்த பல் கூசாது. கேப்பின் ஓரத்தில் புதுச் சொத்தை விழுந்தாலும் தெரியாது. தினமும் இருவேளை ஈறோரம்வரை பிரஷ் செய்து, டாக்டர் சொல்லும் இடைவெளியில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

11. வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், காய்ச்சல் அடித்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எந்தச் செயற்கைப் பல்லும் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது. கடைசி சிட்டிங்கையும் கேப்பையும் முடித்துக்கொண்டால், அந்தப் பல் பல வருடங்கள் உழைக்கும்.