பதிவேட்டில் 23

அன்புத் தம்பிக்கு,

குருப்பட்டம் பெற்ற கையோடு உன்னைப் பள்ளிக்கூடப் பொறுப்புக்கு அனுப்புகிறார்கள் என்று அறிந்தேன். நீ பிரதராக இருந்த நாளிலிருந்தே உன்னைத் தெரியும் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற மாதம், நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் 'எண்பத்து நாலு செட்' கூடியது. 1984-ல் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள். பொன்னாடை போர்த்தினார்கள், பேரப்பிள்ளைகளின் படங்களைக் கைப்பேசியில் காட்டினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவன், "ஃபாதர், பழையபடி அட்டெண்டன்ஸ் எடுங்க" என்றான். எனக்கு 83 வயது. ஆனாலும் பெயர்கள் வரிசை மாறாமல் நாக்கில் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் ஐயா" என்று நரைத்த தலை ஒன்று எழுந்தது. இறந்துபோனவர்களின் பெயர் வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றோம். 23-ஆம் எண்ணை அழைத்தேன். பதில் இல்லை. "ஃபாதர், அவன் பத்தாவதுல நம்மகூட இல்லையே" என்றான் ஒருவன் மெதுவாக.

அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை. என் நாக்கு ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டை வாசித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஒன்பதில் 52 பேர் இருந்தார்கள். பத்தில் 49. நடுவில் மூன்று பேருக்கு டி.சி. கொடுத்து, "தனித்தேர்வராக எழுதிக்கொள்" என்று அனுப்பினோம். கையெழுத்து என்னுடையது. அந்த ஆண்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் பலகை வைத்தோம். நன்றித் திருப்பலியும் வைத்தோம். நூறு ஆடுகளில் காணாமற்போன ஒன்றைத் தேடிப் போன ஆயனைப் பற்றி எத்தனையோ முறை பிரசங்கம் வைத்தவன் நான். அந்த ஆண்டு, நூறு என்ற கணக்குக்காக மூன்று பேரை நானே தொலைத்தேன்.

நம் சபையின் வேலை எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும். 1841 டிசம்பர் 8, தூரின் நகரம். பூசைக்கு உதவத் தெரியாத கரெல்லி என்ற பையனைக் கோயிற்பிள்ளை அடித்து விரட்டினார். நம் தந்தை தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பையனிடம் சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டார், அவன் சிரித்தான். விரட்டப்பட்ட ஒருவனைத் திரும்பக் கூப்பிட்டதில் பிறந்த வேலை இது. அந்த வேலைக்கு வந்த நான், கோயிற்பிள்ளையின் இடத்தில் நின்றுவிட்டேன்.

உனக்கும் அந்த நாள் வரும். கல்வி உரிமைச் சட்டம் பேசுவதே எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பின் வாசலில் பிள்ளைக்கு உன்னை விட்டால் ஆளில்லை. ஆண்டுத் தேர்வு முடிந்ததும், 'பத்தில் தேறமாட்டார்கள்' என்று ஒரு பட்டியல் உன் மேசைக்கு வரும். கொண்டுவருபவர்கள் கெட்டவர்கள் அல்லர். பள்ளியின் பெயரைக் காக்க நினைப்பவர்கள். அவர்களைக் கடிந்துகொள்ளாதே. கையெழுத்து மட்டும் போடாதே.

அந்தப் பட்டியலைத் தவிர்க்கும் வேலையைக் காலாண்டுத் தேர்விலேயே தொடங்கிவிடு. பின்தங்கியவனின் வீட்டுக்குப் போ. ஒருவனுக்கு எழுத்துக் கூட்டவே வராது. இன்னொருவன் விடியற்காலையில் பால் ஊற்றிவிட்டு வருவான். மற்றொருவனுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். மூவருக்கும் மதிப்பெண் ஒன்றாக இருக்கலாம், மருந்து வேறு. இடைவேளையில் அலுவலகத்தில் உட்காராதே, மைதானத்தில் நில். தான் நேசிக்கப்படுவது பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்று 1884-ல் ரோமையிலிருந்து நம் தந்தை எழுதினாரே, அது தெரிகிற இடம் மைதானம்தான். இத்தனைக்கும் பிறகு அவன் தேறாமல் போனால் போகட்டும். வாசலில் 98 என்று எழுதி வை.

கூட்டத்துக்கு மறுநாள் 23-ஐத் தேடிப் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பங்க்சர் கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு எழுந்தான். கூட்டத்துக்கு அவனையும் அழைத்திருக்கிறார்கள். "நான் அந்த செட் இல்லையே" என்று மறுத்திருக்கிறான். மன்னித்துவிடு என்றேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "ஃபெயிலாத்தான் ஆயிருப்பேன் ஃபாதர். ஆனா எழுதியிருப்பேன்."

தம்பி, ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்திலும் அந்தச் சொல் எனக்குக் கேட்கிறது. உன் காதில் எந்தப் பையனும் அதைச் சொல்லும்படி விட்டுவிடாதே.

செபத்துடன்,
உன் மூத்த சகோதரக் குரு