பூவின்முன் நின்று பறப்பது எது?

(உரைநடைப் பாடம்)

நுழையும்முன்

மாணவர்களே! சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனிற் பருவம் எனத் தமிழர் வகுத்தனர். தில்லி, சண்டிகர் முதலிய வடபுல நகரங்களிலோ சித்திரை பிறக்கும்போதே வெயில் கடுமையாகிவிடும். அங்கு மாசி, பங்குனித் திங்கள்களிலேயே வசந்தம் வந்துவிடுகின்றது. அப்பருவத்தில் பூந்தோட்டங்களை நாடி வரும் ஒரு சிற்றுயிரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

ஒரு மாணவியின் ஐயம்

மாசித் திங்களில் ஒரு நாள். காலை வழிபாடு முடிந்ததும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் ஓடி வந்தாள். “ஐயா, நம் தோட்டத்தில் தேன்சிட்டுக் குஞ்சு ஒன்று பறக்கிறது!” என்றாள். உடன் வந்த மாணவன், “இல்லை ஐயா, அது ஹம்மிங்பேர்டு. நான் படத்தில் பார்த்திருக்கிறேன்” என்றான்.

பிளாக்ஸ் பூக்கள் நிறைந்த பாத்தியருகே சென்றோம். பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று பூவின்முன் அந்தரத்தில் நின்றது, ஊசி போன்ற ஒன்றைப் பூவினுள் நீட்டியது, இமைப்பொழுதில் அடுத்த பூவுக்குத் தாவியது, பின்னர் மறைந்தது. உண்மையைக் கூறினால், எனக்கும் அது பறவையாகவே தோன்றியது.

அன்று மாலை அம்மாணவி தென்காசியில் இருக்கும் தன் ஆச்சியிடம் தொலைபேசியில் இச்செய்தியைக் கூறினாளாம். “அலகு எப்படி இருந்தது? கால் எத்தனை? வால் என்ன நிறம்?” என்று ஆச்சி கேட்டாராம். ஒன்றற்கும் அவளால் விடை கூற இயலவில்லை. “அப்படியானால் நீ இன்னும் அதைப் பார்க்கவே இல்லை, தாயி. நாளைக்கு நன்றாகப் பார்த்துச் சொல்” என்றாராம் ஆச்சி. மறுநாள் அவ்வினாக்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.

நான்கு நாள் நோக்கல்

மறுநாளும் ஏறத்தாழ அதே நேரத்தில் அது அதே பாத்திக்கு வந்தது. தேன் மிகுந்த பூக்களை நினைவில் வைத்து மீண்டும் மீண்டும் நாடி வருவது இவ்வுயிரின் இயல்பாகும். நான்கு நாள்கள் அமைதியாக நின்று நோக்கிய மாணவர்கள் பின்வருவனவற்றைக் குறித்தனர்.

1. அளவு: தேன்சிட்டு ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுடையது. இவ்வுயிரோ சிறகுகளை விரித்த நிலையிலும் 4 முதல் 4.5 செ.மீ. அகலமே உடையது.

2. தலை: தலையில் இரண்டு உணர்கொம்புகள் இருந்தன. எப்பறவைக்கும் உணர்கொம்பு இல்லை.

3. வாய்: அலகு என நாம் எண்ணியது உண்மையில் ஓர் உறிஞ்சுகுழல். பறந்து செல்லும்போது அது கடிகார வில்போலச் சுருண்டுகொண்டது. அலகு சுருளாது.

4. சிறகு: முன்சிறகுகள் பழுப்பு நிறமானவை; அவற்றில் கரிய நெளிகோடுகள் இருந்தன. பின்சிறகுகள் செம்மஞ்சள் நிறமானவை.

5. வால்: உடலின் நுனியில் கறுப்பும் வெள்ளையுமான மயிர்க்கற்றை விசிறிபோல் விரிந்திருந்தது. அதுவே நமக்கு இறகுவாலாகத் தோன்றியது.

6. கால்: சுவரில் அமர்ந்தபோது எண்ணினர். ஆறு கால்கள்!

ஆறு கால்களும் உணர்கொம்பும் உடையது பூச்சியே. ஆம், அது பகலில் பறக்கும் ஓர் அந்துப்பூச்சி.

பெயரும் இயல்பும்

அரிசிப்பானையில் காணப்படும் சிறு பூச்சியை அந்து என்றும், விளக்கைச் சுற்றுவதை விட்டில் என்றும் நம் வீடுகளில் கூறுவர். ஆதலால் அந்துப்பூச்சி என்றவுடன் தானியத்தை அழிப்பது, இரவில் திரிவது என்றே எண்ணுகிறோம். அவ்வினத்திலும் பகலில் பறப்பன உண்டு. பூந்தேனை உண்டு வாழ்வன உண்டு.

இவ்வந்துப்பூச்சியை ஆங்கிலத்தில் ‘ஹம்மிங்பேர்டு ஹாக்மாத்’ என்பர். ஆகவே அம்மாணவனின் பிழை முழுப்பிழை அன்று. பெயரிட்டோரும் அதே ஒப்புமையைக் கண்டனர். எனினும் ஹம்மிங்பேர்டு என்னும் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயல்பாக வாழ்வது. இவ்வந்துப்பூச்சியோ ஐரோப்பா முதல் யப்பான் வரை பரவியுள்ளது. அறிவியலில் இதற்கு ‘மேக்ரோகுளோசம் ஸ்டெல்லட்டாரம்’ என்று பெயர். ‘மேக்ரோகுளோசம்’ என்பது ‘நீண்ட நாக்கு’ என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொற்களால் அமைந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் இவ்வினத்தை முதன்முதலில் அறிவியல்முறையில் பெயரிட்டு விளக்கினார்.

இதன் சிறகுகள் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 70 முதல் 80 முறை அடிக்கின்றன. ஆதலால் அருகில் நின்றால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். குளிர்ந்த காலையில் இது உடனே பறப்பதில்லை. முதலில் சிறகுத் தசைகளை நடுங்கச் செய்து உடலைச் சூடாக்கிக்கொள்கிறது.

எங்கே காணலாம்?

வெயில் படும் பூம்பாத்திகளில் காணலாம். நீண்ட குழல்போன்ற பூக்களை இது பெரிதும் விரும்பும். ஓய்வு கொள்ளவும் குளிரைத் தாங்கவும் சுவர்ப்பிளவு, பாறையிடுக்கு, மரப்பொந்து ஆகியவற்றை நாடும்.

இதன் புழுவோ வேறிடத்தில் வளரும். காலியம் என்னும் களைச்செடிகளும், மஞ்சிட்டி இனச் செடிகளுமே அதன் முதன்மையான உணவு. இவை காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாய்ப்பூச்சி பச்சை நிற முட்டைகளைத் தனித்தனியே இடும். பச்சைநிறப் புழுவின் பின்புறத்தில் சிறு கொம்பு ஒன்று இருக்கும்; அது கொட்டாது. வளர்ந்த புழு, தரையிலுள்ள சருகுகளிடையே கூட்டுப்புழுவாகும். ஆகவே பூ, களை, சருகு, சுவர்ப்பிளவு ஆகிய நான்கும் சேர்ந்ததே இதன் வாழிடம்.

ஒரு சொல்லின் விளைவு

பறவை என்று எண்ணியவரை அனைவரும் அதனை விரும்பினர். பூச்சி என்று தெரிந்த மறுநாளே, தோட்டக்காரர் மருந்து தெளிக்கும் கருவியுடன் வந்துவிட்டார். “பூச்சியென்றால் செடியைத் தின்னும்” என்பது அவர் கருத்து. தம் உழைப்பில் மலர்ந்த பூக்களை அவர் காக்க நினைத்ததில் தவறில்லை.

அம்மாணவி தன் குறிப்பேட்டைத் திறந்து இந்தியில் அவருக்கு விளக்கினாள். இதற்குக் கடிக்கும் வாய் இல்லை. உறிஞ்சுகுழல் மட்டுமே உண்டு. இதன் புழு வாழும் செடி வேறு. பூக்களின்மேல் மருந்து தெளித்தால் தேனீக்களும் மடியும். தோட்டக்காரர் பாத்தியருகே சிறிது நேரம் நின்று பார்த்தார். பின்னர்க் கருவியை எடுத்துச் சென்றுவிட்டார். அன்று மாலை ஆச்சியின் மூன்று வினாக்களுக்கும் அம்மாணவி விடை கூறினாள். “எங்கள் ஊர் இட்லிப்பூச் செடியிலும் இப்படி ஒன்று வருமே! நானும் எண்ணிப் பார்க்கிறேன்” என்றாராம் ஆச்சி.

ஆச்சி கூறியது பொருத்தமே. தமிழ்நாட்டிலும் இதன் உறவினங்கள் வாழ்கின்றன. கண்ணாடிபோன்ற சிறகுகளையுடைய ஓர் அந்துப்பூச்சியின் புழு, காப்பிச் செடியின் இலைகளை உண்டு வளர்கிறது. இட்லிப்பூவும் காப்பிக் குடும்பத்துச் செடியே.

சொற்பொருள்

வடபுலம் – வடக்குப் பகுதி
அந்தரம் – தரைக்கும் வானுக்கும் இடைப்பட்ட வெளி
ஒப்புமை – ஒத்திருக்கும் தன்மை
வாழிடம் – உயிர் வாழும் இடம்
மடிதல் – இறத்தல்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. உறிஞ்சுகுழலும் அலகும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. இவ்வந்துப்பூச்சிக்குப் பூந்தோட்டம் மட்டும் போதுமா? காரணம் கூறுக.
3. “நீ இன்னும் அதைப் பார்க்கவே இல்லை” என்று ஆச்சி கூறியது ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
சிற்றுயிர், இவ்வந்துப்பூச்சி, பூந்தோட்டம்

இ. செயல்பாடு
உம் பள்ளியிலோ வீட்டருகிலோ காணும் ஒரு பூச்சியை மூன்று நாள்கள் தொடாமல் நோக்குக. அதன் அளவு, நிறம், கால், வரும் நேரம், அமரும் இடம் ஆகியவற்றைக் குறித்து, ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் மடல் எழுதுக. அதற்கு அவ்வூரில் என்ன பெயர் வழங்குகிறது என்பதையும் கேட்டறிக.