அலாஸ்கா: உறைந்த மண்ணில் ஒரு சூடான குழாய்

அமெரிக்காவின் மிகப் பெரிய மாநிலம் எது? டெக்சாஸ் என்று சொல்லத் தோன்றும். அலாஸ்காதான். 1867-ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். பனிக்கட்டிக்கு இவ்வளவு காசா என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு. 1959 ஜனவரியில் அது 49-ஆவது மாநிலம் ஆனது. நமக்கு வேண்டிய கதை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

1964 மார்ச் 27, புனித வெள்ளி. மாலை 5.36 மணிக்கு நிலம் ஆடத் தொடங்கி நாலரை நிமிடம் நிற்கவே இல்லை. அளவு 9.2. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் சுனாமியில். வால்டீஸ் என்ற துறைமுக ஊர் ஆற்று வண்டல் மேல் கட்டப்பட்டிருந்தது. கரையே சரிந்து கடலுக்குள் போய்விட்டது, மேலே நின்ற ஆட்களோடு. பிறகு ஊரையே சில மைல் தள்ளி உறுதியான தரையில் கட்டினார்கள். சாயில் மெக்கானிக்ஸ் வகுப்பில் தூங்குபவர்கள் இதை இன்னொரு தடவை படிக்கவும்!

1968-ல் வடகோடியில் ப்ரூடோ பே என்ற இடத்தில் பெரிய எண்ணெய் வளம் கிடைத்தது. அங்கே கடல் பெரும்பாலான மாதங்கள் உறைந்து கிடக்கும், கப்பல் போகாது. அதனால் தெற்கே வால்டீஸ் வரை 800 மைல் குழாய் போட வேண்டும். ஆனால் நிலம் யாருடையது? அங்கேயே வாழ்ந்து வந்த பூர்வகுடிகள் கேட்ட கேள்வி இது. 1971-ல் வந்த சட்டம் அவர்களுக்கு 4.4 கோடி ஏக்கரும் சுமார் 96 கோடி டாலரும் கொடுத்தது. சுற்றுச்சூழல் வழக்குகள் தனி. 1973-ல் செனட்டில் ஓட்டு 49-49 என்று சமமாக, துணை ஜனாதிபதி ஆக்நியூவின் ஓட்டில்தான் குழாய் பிழைத்தது.

இப்போ நம்ம ஏரியா. எண்ணெய் சூடாக வரும். மண்ணோ ஆண்டு முழுக்க உறைந்திருக்கும் பெர்மாஃப்ராஸ்ட். குழாயைப் புதைத்தால் பனி உருகி மண் சேறாகும், குழாய் தொங்கி உடையும். அதனால் பாதிக்கு மேல், சுமார் 420 மைல், தூண்கள் மேல் தூக்கி வைத்தார்கள். தூண்கள் வழியாகவும் சூடு இறங்குமே? அதற்குத்தான் பல தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த ஹீட் பைப். குளிர்காலத்தில் அடியில் உள்ள அம்மோனியா மண்ணின் வெப்பத்தை எடுத்து ஆவியாகி மேலே போகும். உச்சியில் உள்ள தகடுகளில் குளிர்ந்து திரவமாகிக் கீழே வடியும். கோடையில் மேலே வெப்பம் அதிகம் என்பதால் தானாக நின்றுவிடும். மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்.

1977 ஜூனில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. பணத்தை அரசாங்கம் செலவழித்தே தீர்த்துவிடும் என்ற பயத்தில், 1976-லேயே அரசியல் சட்டத்தைத் திருத்தி நிரந்தர நிதி ஒன்றை வைத்தார்கள். 1982-ல் குழந்தைகள் உட்பட ஆளுக்கு 1000 டாலர் வந்தது.

1989 மார்ச் 24. மறுபடியும் புனித வெள்ளி. குழாயில் வந்த எண்ணெயை ஏற்றிக்கொண்டு வால்டீஸிலிருந்து கிளம்பிய எக்சான் வால்டீஸ் கப்பல், பனிப்பாளங்களைத் தவிர்க்கப் பாதை விலகி, நள்ளிரவு தாண்டி ப்ளை பாறைத்திட்டில் ஏறியது. கேப்டன் அப்போது மேல்தளத்தில் இல்லை. ஒற்றைச் சுவர்க் கப்பல். சுமார் 4 கோடி லிட்டர் கடலில் கொட்டியது. எண்ணெயை வளைத்துப் பிடிக்கும் கருவிகள் வந்து சேரவே பல மணி நேரம். அங்கே ஹெர்ரிங் மீன் பிடித்துப் பிழைத்தவர்களின் தொழில் படுத்தே போனது. அடுத்த வருஷம்தான் இரட்டைச் சுவர் கட்டாயம் என்று சட்டம் வந்தது. குழாய்க்கு அவ்வளவு யோசித்தவர்கள் கப்பலுக்கு ஏன் யோசிக்கவில்லை?

2002 நவம்பரில் டெனாலி பிளவில் 7.9 நிலநடுக்கம். குழாய்க்கு அடியில் நிலம் பக்கவாட்டில் சுமார் 4 மீட்டர் நகர்ந்தது. பிளவு எங்கே என்று முன்பே பார்த்து, அந்த இடத்தில் குழாயை நீண்ட உத்தரங்கள் மேல் டெஃப்லான் பூசிய காலணிகளில் வழுக்கும்படி வைத்திருந்தார்கள். சில தாங்கிகள் சேதமாயின; ஒரு சொட்டு எண்ணெய்கூட சிந்தவில்லை.

இப்போதைய தலைவலி நேரெதிர். 1988-ல் நாளுக்கு 20 லட்சம் பீப்பாய் ஓடிய குழாயில் இன்று 5 லட்சத்துக்கும் குறைவு. ஐந்து நாளுக்குள் தெற்கே போய்ச் சேர்ந்த எண்ணெய் இப்போ இரண்டு வாரத்துக்கு மேல் ஊர்ந்து போகிறது. வழியில் ஆறிப்போய் மெழுகு படிகிறது, கலந்திருக்கும் தண்ணீர் உறையப் பார்க்கிறது. ஒரு காலத்தில் சூட்டைக் கண்டு பயந்தவர்கள், இன்று அதே எண்ணெயைச் சூடாக்கி அனுப்புகிறார்கள்.