மூக்கு நரம்பும் கண்ணீரும்

தமிழ் பயில்வார் மருத்துவம் பேசப் புகுதல் வேலி தாண்டுதல் ஆகாதோ என்று எம் நண்பருட் சிலர் நகைத்தனர். நகைத்தற்கு இடம் உண்டு. ஆயினும் யாம் இதனை எழுதத் துணிந்தது புலமைச் செருக்கால் அன்று. எம் இல்லத்தே நிகழ்ந்த ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டிச் சில நூல்களைப் புரட்ட நேர்ந்தமையால் என்க.

எம் அத்தையார் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. விடியற்காலைக் குளிர்காற்றுப் பட்டாலும், கரும்பலகையினின்று சுண்ணத்தூள் பறந்தாலும், கொதிக்கும் ரசத்தின் ஆவி முகத்திற் படிந்தாலும், அவர் மூக்கினின்று தெளிந்த நீர் இடையறாது ஒழுகும். பதினைந்து ஆண்டுகள் கைக்குட்டையும் கையுமாகவே வகுப்பு நடத்தினார். ஒவ்வாமைச் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. சுரப்பியின் ஏவலைத் தடுக்கும் இப்ராட்ரோப்பியம் என்னும் தெளிமருந்து சில மாதம் உதவிப் பின் போதாதாயிற்று. இறுதியில் 2022ஆம் ஆண்டில் இரு பக்கத்து மூக்கு நரம்பையும் அறுக்கும் சிகிச்சைக்கு உடன்பட்டார்.

அறுக்கப்பட்டதன் பெயர் விடியன் நரம்பு. விடியலுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டிற் பிளாரன்ஸ் நகரிலே தோன்றி, பாரிசிலும் பின்னர்ப் பைசாவிலும் மருத்துவம் கற்பித்து, 1569இல் மறைந்த குவீடோ குவீடி என்பாரின் பெயர் இலத்தீனில் விடியஸ் என்றாகி இந்நரம்பின்மேல் நின்றது. இந்நரம்பு உண்மையில் இரண்டு கூடி ஒன்றானது. முகநரம்பினின்று கிளைத்து வரும் இழை சுரப்பிகளை நீர் சுரக்குமாறு ஏவுவது. கழுத்துத் தமனியைச் சூழ்ந்த பின்னலினின்று வரும் இழை குருதிக் குழாய்களைச் சுருக்குவது. இரண்டும் மண்டையோட்டின் அடியில் ஆப்பு வடிவான எலும்பைக் குடைந்து செல்லும் ஒரு நுண்ணிய கால்வாய் வழியே வந்து, மூக்கின் பின்புறத்தே ஒரு நரம்பு முடிச்சை அடைகின்றன. அம்முடிச்சினின்று மூக்கிற்குச் செல்லும் இழைகள் உள. அண்ணத்திற்குச் செல்வன உள. கண்ணீர்ச் சுரப்பிக்குச் செல்வனவும் உள. இரண்டு வயலுக்கு ஒரே மதகாயின், ஒரு வயலின் வெள்ளத்தை நிறுத்துவான் அதனை அடைத்தவன் மற்றைய வயல் காய்ந்தது கண்டு வியத்தல் கூடாது.

இந்த அறுவை 1961இல் கோல்டிங்-உட் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதிய கட்டுரைக்குப் பின் பரவலாயிற்று. அக்காலத்தில் கன்னத்தெலும்பின் உள்ளறையைத் திறந்து, அதன் வழியே நரம்பைத் தேடினர். ஒழுக்கு நின்றது, ஆனாற் கண் வறண்டது, கன்னமும் அண்ணமும் மரத்தன, சில ஆண்டுகளிற் பலர்க்கு ஒழுக்கு மீண்டும் தலைகாட்டியது. அதனால் இம்முறை செல்வாக்கு இழந்தது. பின்னர் மூக்கின் துளைவழியே செலுத்தும் உள்நோக்குக் குழாய் வந்ததும், நரம்பை நேரிற் கண்டு அறுத்தல் எளிதாயிற்று. ஜப்பானிய மருத்துவர் கிகவாதா வேறொரு வழியையும் காட்டினார். முடிச்சைக் கடந்து மூக்கினுள் நுழையும் பின்மூக்கு நரம்புகளை மட்டும் அறுத்தலே அது. கண்ணிற்குச் செல்லும் இழை அதனால் தப்பும். அதே நரம்புகளை அறுக்காமற் குளிரால் உறையச் செய்வாரும் இன்று உளர். எம் அத்தையார்க்குச் செய்தது முழு நரம்பையும் அறுக்கும் பழைய முறையே.

வீடு திரும்பிய முதல் இரு வாரங்கள் கட்டளைகளாலேயே நிறைந்தன. மூக்கைச் சிந்தலாகாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்மவேண்டும், நீர்க்குடம் தூக்கலாகாது. நரம்போடு ஒட்டிச் செல்லும் தமனி ஒன்று உண்டாகலின், ஒரு வாரம் கழிந்த பின்னும் குருதி பெருகக் கூடுமாம். மூக்கினுள்ளே பொருக்குகள் கட்டின. நாடோறும் உப்புநீரால் அவற்றைக் கழுவவேண்டும். நீரைக் காய்ச்சி ஆற்றும் வேலை எம்முடையது. குழாய்நீர் போதாதோ என்று சோம்பலால் வினவினோம். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், காய்ச்சாத குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தின்னும் நுண்ணுயிரால் மாண்டனர் என்று படித்த பின்பு வினவுதலை விட்டோம்.

ஆறு வாரத்திற் பொருக்கு உதிர்ந்தது. மூக்கொழுக்கு அறவே நின்றது. அத்தையார் கைக்குட்டையின்றிப் பள்ளி சென்ற நாளை இன்றும் எம் வீட்டார் சொல்லுவர். ஆயினும் எல்லாம் தீர்ந்தபாடில்லை. இரவில் அடைப்பு முன்போலவே இருந்தது. குழாய்களைச் சுருக்கும் இழையும் உடன் அறுபட்டதாகலின் அடைப்பிற்கு இச்சிகிச்சை அத்துணை உறுதியன்று. அண்ணத்தின் இடப்பக்கம் மரத்துப்போய், சோற்றின் சூடு அங்கே தெரியாதாயிற்று. கண்களில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் தோன்றியது. இவற்றை அவர் கூறும்போதெல்லாம், “மூக்குத்தான் நின்றுவிட்டதே, இன்னும் என்ன குறை?” என்று சுற்றத்தார் வாயை அடைத்தனர். யாமும் ஒருமுறை அவ்வாறு கூறினோம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

அவ்வாண்டின் இறுதியிற் பாட்டியார் மறைந்தார். அவரை ஒன்பது ஆண்டுகள் படுக்கையில் வைத்துப் பேணியவர் அத்தையாரே. அடக்க ஆராதனையில் அனைவரும் கண்ணீர் சொரிந்தனர். அத்தையார் உலர்ந்த கண்ணோடு பெட்டியின் அருகே நின்றார். தோள்கள் குலுங்கின, குரல் உடைந்தது, கண் மட்டும் நனையவில்லை. பின்வரிசையிற் பெண்டிர் சிலர், “பெற்ற தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே” என்று பேசியது எம் செவியிற் பட்டது. அவர் செவியிலும் பட்டிருக்கும். அன்றிரவு எம்மிடம், “நான் அழாமலா இருந்தேன்? கண்தான் நனையவில்லை, ராசா” என்றார்.

அச்சொல்லே எம்மை நூல்களிடம் செலுத்தியது. கண்ணை எப்போதும் நனைத்து வைக்கும் ஈரத்திற்கு இமையிலுள்ள சிறு சுரப்பிகள் பெரிதும் உதவுகின்றன. துயரத்தாலும் புகையாலும் பெருகும் நீரோ பெருஞ்சுரப்பியினின்று வருவது. அதற்கு ஏவல் செல்லும் வழி விடியன் நரம்பே. ஏவல் அறுந்தபின் துயரம் நெஞ்சில் எத்துணை இருப்பினும் சுரப்பி அதனை அறியாது.

இதனை எழுதிக் கொணர்ந்து அத்தையார்க்குப் படித்துக் காட்டினோம். பின்னர்க் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். 1903இல் ஷிர்மர் என்னும் ஜெர்மானியர் வகுத்த சோதனை மிக எளியது: வடிதாள் துண்டு ஒன்றைக் கீழிமையில் மாட்டி, ஐந்து நிமிடத்தில் எத்துணைத் தூரம் நனைகின்றது என்று அளத்தல். பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனையின் நன்று. ஐந்திற்குக் குறையின் வறட்சி. அத்தையார்க்கு வலக்கண் நான்கு, இடக்கண் மூன்று. அவர் அந்தச் சீட்டை வாங்கி மடித்துத் தம் வேதாகமத்துள் வைத்துக்கொண்டார். தம் சொல்லுக்கு ஒரு சான்று கிடைத்ததென்று மகிழ்ந்தார் போலும். செயற்கைக் கண்ணீர்த் துளிகள் அன்று தொடங்கின.

அறுந்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரவல்லது என்பர். ஆனால் வழி தெரிந்து வளரும் என்பதற்கு உறுதி இல்லை. அண்ணத்தின் மரப்பு எட்டாம் திங்களிற் குறைந்தது. கண் மாறவில்லை.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபோது, அத்தையார் அடுக்களையிற் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திடீரென எம்மை உரக்க அழைத்தார். ஓடிச் சென்று பார்த்தோம். வலக்கண்ணினின்று நீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. மூக்கின் வலத்துளையும் கசிந்தது. கண்ணீரும் மூக்கினுள்ளே தானே வடியும், அதனால் இருக்கலாமே என்றோம். “இல்லை, இந்த ஒழுக்கை எனக்குத் தெரியும்” என்று கூறிக்கொண்டே, மூன்று ஆண்டுகளாகத் தேடாத கைக்குட்டையைத் தேடினார். இடக்கண் உலர்ந்தே இருந்தது. அதற்குரிய மருந்துத் துளிப்புட்டி, உரித்த வெங்காயத்தின் அருகில் இருந்தது.