வண்டியை மேட்டில் நிறுத்து

சான் அன்டோனியோ
ஜனவரி 2026

அன்பு மகனுக்கு,

ஜூன் முதல் வாரம் நண்பர்கள் நாலு பேருமாக ஆர்.வி. என்கிற வீட்டுவண்டியை வாடகைக்கு எடுத்து, ஃப்ரியோ ஆற்றங்கரையில் மூன்று ராத்திரி தங்கப்போவதாக உன் அம்மா போனில் சொன்னாள். "சித்தியைக் கேட்டுக்கொண்டு செய்" என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாளாம். நீ கேட்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. டெக்சஸின் இந்த மலைப்பகுதியில் பல வருடமாக வண்டியோடு அலைகிறவள் நான்.

எந்த வண்டி, எத்தனை படுக்கை, என்ன வாடகை என்று நீங்கள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதைத் தள்ளி வை. ராத்திரி நீங்கள் தூங்கும்போது வண்டி ஆற்றிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும், அங்கிருந்து கால்நடையாக மேடேற வழி எது, இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்.

காரணம் அந்த மண். மலை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் போர்த்தியது போல மெல்லிய மண். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பால்கோனஸ் சரிவில் ஏறியதும், ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கொட்டும். கொட்டிய தண்ணீரைக் குடிக்க மண் இல்லை. அத்தனையும் ஓடைகளில் இறங்கி ஆற்றுக்கு வந்துவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மலைக்கு மேலே மழை பிடித்திருக்கும். கொஞ்ச நேரத்தில் மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழும். காட்டாறு எங்கே இருந்தாலும் காட்டாறுதான்.

2025 ஜூலை 4-ஆம் தேதி விடியுமுன் குவாடலூப்பே ஆற்றில் நடந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். ஹன்ட் என்ற சிற்றூர்ப் பக்கம் முக்கால் மணி நேரத்தில் சுமார் 26 அடி தண்ணீர் ஏறியது. விடுமுறை நாள், கரை நெடுக ஆர்.வி.களும் பிள்ளைகள் முகாம்களும் நிறைந்திருந்தன. மத்திய டெக்சஸில் 130-க்கும் மேற்பட்டவர்கள் அந்த வெள்ளத்தில் போய்விட்டார்கள்.

இந்த முக்கால் மணி நேரத்தை உன் வண்டியோடு சேர்த்துப் பார். ஆர்.வி. காரைப் போல சாவி திருகியதும் கிளம்பாது. கரண்ட் கேபிள், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் மூன்றையும் கழற்ற வேண்டும். வெயிலுக்கு விரித்த ஆனிங்கைச் சுருட்ட வேண்டும். பக்கவாட்டில் வெளியே தள்ளிய ஸ்லைடை உள்ளே இழுக்க வேண்டும். சக்கரத்துக்குக் கீழே வைத்த கட்டைகளை எடுக்க வேண்டும். பழகிய கைக்கே இருபது நிமிடம் ஆகும். இருட்டில், மழையில், தூக்கக் கலக்கத்தில் உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்று நீயே யோசித்துக்கொள். அதனால் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால் வண்டியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். செருப்பு, போன், டார்ச் மட்டும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்துவிடுங்கள். 1987 ஜூலையில் இதே குவாடலூப்பே கரையில், கம்ஃபர்ட் ஊர்ப் பக்கம், முகாமிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பேருந்து வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. 10 பிள்ளைகள் இறந்தார்கள். நேரம் தப்பியபின் வண்டியில் கிளம்புவது இருந்த இடத்தில் இருப்பதைப் போலவே ஆபத்து.

எங்கள் முதல் பயணத்தில் நானும் உன் சித்தப்பாவும் தண்ணீருக்கு மிக அருகில் இருந்த இடத்தைத்தான் அதிகப் பணம் கொடுத்து வாங்கினோம். ராத்திரி வானம் நிறைய நட்சத்திரம். ஒரு தூறல்கூட இல்லை. காலையில் கதவைத் திறந்தால், கரையில் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளையும் காணோம். அவை இருந்த இடத்தில் தேத்தண்ணி நிறத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மழை பெய்தது எங்கோ மேலே. அன்றிலிருந்து ஆற்றோரத்து இடத்தை நான் எடுப்பதே இல்லை.

ஓர் இடத்துக்குப் போய் இறங்கியதும் கரையில் நிற்கும் சைப்ரஸ் மரங்களை அண்ணாந்து பார். கிளைக் கவட்டையில் காய்ந்த சுள்ளியும் வேரும் புல்லும் பந்து பந்தாகச் சிக்கியிருக்கும். பறவைக் கூடு என்று நினைப்பாய். பழைய வெள்ளம் விட்டுப்போன குப்பை அது. அந்த உயரத்தைக் கண்ணால் அளந்து, உன் வண்டியின் கூரையோடு ஒப்பிட்டுப் பார். பகல் வெளிச்சத்திலேயே மேடேறும் வழியை நாலு பேரும் ஒருமுறை நடந்து பழகுங்கள்.

பள்ளத்தாக்கில் போன் சிக்னலை நம்ப முடியாது. அதனால் பேட்டரியில் ஓடும் நோவா வானிலை ரேடியோ ஒன்றில் அலாரத்தைப் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள். 'வாட்ச்' என்றால் வெள்ளத்துக்கு வாய்ப்பிருக்கிறது. அன்று வண்டியை மேலே கொண்டுபோய்விடு. 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது, உடனே நட. வானிலையை ஃப்ரியோ கரையில் நீங்கள் தங்கும் ஊரான கான்கானுக்கு மட்டும் பார்க்காதே, ஆறு வரும் திசையில் லேக்கிக்கும் சேர்த்துப் பார். எழுத்தை வைத்து லீக்கி என்று படிக்காதே. ஊர்க்காரர்கள் லேக்கி என்பார்கள். கான்கானில் ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் அரசு அளவி இருக்கிறது, இணையத்தில் பார்க்கலாம். கிளம்புமுன் அதைப் பார்ப்பது இன்னொன்றுக்கும் உதவும்: மழை பொய்த்த வருடங்களில் அந்த ஆறு பாறை தெரிய வற்றிவிடும்.

தங்க, கான்கான் பக்கத்து கார்னர் ஸ்டேட் பார்க்கைத்தான் நான் சொல்வேன். 1941-இல் திறந்தது. கோடையில் சாயங்காலம் ஜூக்பாக்ஸ் பாட்டுப் போட்டு, ஊரும் விருந்தாளிகளும் சேர்ந்து திறந்தவெளியில் ஆடுவார்கள், அதைத் தவறவிடாதே. ஐந்து மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும், கோடை இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதாவது உனக்கு இந்த மாதம்தான் கெடு.

வழி: இங்கிருந்து மேற்கே 90-ஆம் நெடுஞ்சாலையில் சபினல்வரை போய், 127-இல் திரும்பிக் கான்கான். போன் வரைபடம் உன்னை 337-ஆம் ராஞ்ச் ரோட்டில் இழுத்தாலும் போகாதே. மோட்டார் சைக்கிள்காரர்கள் தேடி வரும் கொண்டையூசி வளைவுகள் அவை. முதல்முறை ஓட்டும் 25 அடி வண்டிக்கு அல்ல. இறக்கத்தில் சின்ன கியரில் இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவை. பெட்ரோல் பங்க் கூரையும் ஓக் மரக் கிளையும் உனக்காகக் குனியாது. சாலையின் மேல் ஆறு ஓடும் தாழ்வான தரைப்பாலங்கள் அங்கே நிறைய உண்டு. இரண்டடி ஓடும் தண்ணீர் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் தெரிந்தால் திரும்பு.

சமையலுக்கு இண்டக்ஷன் அடுப்பு எடுத்துப் போவீர்கள், தெரியும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட்தான். ஏ.சி. ஓடும்போது அடுப்பையும் வெந்நீர் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். சாதம் வேகும் நேரம் ஹீட்டரை அணை, போதும். கழிவறைத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வை, நிறைந்தபின் திற. அதைக் காலிசெய்த பிறகே குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாய் தானாக அலசப்படும். கையுறை வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது வரைபடத்தில் இட எண் காட்டும். பணம் கட்டுமுன் அந்த எண்ணை எனக்கு அனுப்பு. அது ஆற்றுக்கு எவ்வளவு பக்கம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். ரேடியோவை வாங்காதே, என்னிடம் ஒன்று சும்மா இருக்கிறது. வரும் வழியில் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள், இட்லிப்பொடியும் கட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
சித்தி