பழைய மாத்திரையையும் சந்தேகியுங்கள்

உடம்பில் தடிப்போ அரிப்போ கிளம்பிவிட்டால் நாம் பழிபோடுவது நேற்றுச் சாப்பிட்ட கத்தரிக்காய் மீதும் கருவாட்டின் மீதும்தான். பிரஷர் மாத்திரையாக இருக்குமோ என்றால், “அதை அஞ்சு வருஷமாப் போடுறேனே, இப்பவா ஒத்துக்காமப் போகும்?” என்று பதில் வரும். நியாயமாகப் படும் இந்த வாதம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில் வகையைப் பாருங்கள். அவை தடுக்கும் நொதிக்கு பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையும் உண்டு. அது சிதையாமல் சேர்ந்தால் நுண்குழாய்களில் நீர் கசிந்து உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கலாம். தொடங்கிய வாரத்திலும் வரலாம், ஆண்டுகள் கழித்தும் வரலாம். பெரும்பாலும் அரிப்போ தடிப்போ இருக்காது. ஹிஸ்டமினால் வருவதல்ல என்பதால் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைக்கு அடங்காது. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வரும் தொல்லைதான். ஆனால் வீக்கம் தொண்டைக்கு இறங்கினால் மூச்சு அடைபடும். நாக்கு தடித்தாலோ குரல் மாறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். ஒருமுறை வந்தவர் அந்த வகை மாத்திரை எதையும் மறுபடி தொடக்கூடாது.

ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற பிரஷர் மருந்தின் கதை வேறு. அது தனியாக வருவதைவிட இன்னொரு மருந்தோடு சேர்ந்து வருவதே அதிகம்; டெல்மிசார்டன் அட்டையில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ‘ஹெச்’ பெரும்பாலும் இதுதான். வெயிலும் சேர்ந்தால்தான் இது தோலைத் தாக்கும் என்பதால், மார்கழியில் தொடங்கிய மாத்திரை சித்திரையில் குணத்தைக் காட்டலாம். அடையாளம் தடிப்பு வரும் இடத்தில் இருக்கிறது: முகம், சட்டைக் காலர் திறந்த கழுத்து, புறங்கை சிவந்து கறுக்கும், வாட்ச் வார் மூடிய தோலும் மோவாய்க்குக் கீழ் நிழல்பட்ட தோலும் தப்பித்துவிடும். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியை மூடிக்கொண்டாலும் போதாது, புற ஊதா ஏ கதிர் அதைக் கடந்து வரும். சோரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களுக்கு, பீட்டா பிளாக்கர் வகை பிரஷர் மாத்திரை அதைக் கிளறிவிடுவதும் மாதக்கணக்கில் தாமதமாக நடக்கக்கூடியதே.

இதையெல்லாம் எழுதினால் ஜனங்கள் மாத்திரையை நிறுத்திவிடுவார்களே என்று மருத்துவர்கள் கேட்பது சரியான கவலை. பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். பிரஷர் ஏறி வரும் பக்கவாதத்துக்கு முன் அரிப்பு ஒரு பொருட்டல்ல. 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஹைட்ரோகுளோரோதயசைடால் ஒருவகைத் தோல் புற்றுநோய் சற்றுக் கூடுவதாக எச்சரித்தபோது, மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னது. அதன் கணக்கு ஆண்டுக்குச் சுமார் 16,000 பேருக்கு ஒரு கூடுதல் நோயாளி, அதுவும் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களிடம். ஆனால் பயந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் விடுவதும் தீர்வல்ல. காரணம் தெரியாதவர் மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பார். தெரிந்தவருக்கு மருத்துவர் வேறு வகை மாத்திரையை எழுதித் தருவார், வகைகளுக்கா பஞ்சம்? தோல் மருத்துவரிடம் போகும்போது, எத்தனை வருஷப் பழக்கமானாலும், பிரஷர் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.