பயர் ஆபீஸிலிருந்து பனிச்சரிவுக்கு: லீவு கேட்கும் முன்

பனிச்சறுக்கு கற்க ஆசைப்படும் சிவகாசி இளைஞர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு செலவாகும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "லீவு எப்போது கிடைக்கும்?"

தீபாவளி முடிந்து பயர் ஆபீஸ், அதாவது பட்டாசு ஆலை, பூட்டிக் கிடக்கும் நாட்களில் போய்வந்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அப்போது சரிவுகளில் போதிய பனி விழுந்திருக்காது. ஜனவரி முதல் மார்ச் வரைதான் பயிற்சிக்கு ஏற்ற காலம். அச்சகத்தில் வேலை செய்பவர்களுக்கு இது தோது. காலண்டர், டைரி வேலை பொங்கலோடு ஓய்ந்துவிடும். பட்டாசுக்காரர்களுக்கோ அது உற்பத்தி நடக்கும் நேரம். உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்று நவம்பரிலேயே பேசி முடித்துவிட்டு, அப்புறம் போர்மேன் முன்னால் போய் நில்லுங்கள்.

எங்கே சேரலாம்? மணாலிக்குப் பக்கத்துச் சோலங்கில் ஒரு மணி நேரம் ஸ்கீயை மாட்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்புவார்கள். அதில் படிப்பு ஒன்றும் இல்லை. அரசு நிறுவனங்களில் சேருங்கள். காஷ்மீரின் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் 1968 முதல் இருக்கிறது. மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனம், உத்தராகண்டின் அவுலியில் கட்வால் மண்டல் விகாஸ் நிகம். நாள் கணக்கில் நடக்கும் முறையான வகுப்புகள் இவை. அறிவிப்பு வந்ததும் மருத்துவச் சான்றோடு விண்ணப்பியுங்கள்.

பயிற்றுநர் பேசுவது பெரும்பாலும் இந்திதான். வடநாட்டு வியாபாரிகளோடு போனில் பேசிப் பழகிய விற்பனைப் பிரிவினருக்குக் கவலையில்லை. மற்றவர்கள் 'குட்னா மோடோ' என்றால் முட்டியை மடக்கு, 'ஆகே ஜுகோ' என்றால் முன்னால் சாய் என்பதையாவது தெரிந்துகொண்டு போங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போது அர்த்தம் கேட்க நேரம் இருக்காது.

உடம்பை இங்கேயே தயார் செய்யலாம். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முக்கியம். மறுநாள் தொடை எந்த இடத்தில் வலிக்கிறதோ, அந்தத் தசைதான் பனியில் உங்களைத் தாங்கும். குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். போய்ச் சேர்ந்த முதல் நாள் ஓட்டம் சாட்டம் வேண்டாம்.

உடையில்தான் நம் ஊர்க்காரர்கள் தவறுவார்கள். பட்டாசு மருந்து அறைக்குள் நைலான், பாலியஸ்டர் கூடாது, நிலைமின்சாரம் பொறி கிளப்பும், பருத்திதான் பாதுகாப்பு என்று பழகியவர்கள் நாம். பனியில் அப்படியே தலைகீழ். பருத்தி வேர்வையைக் குடித்து, காயாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் நின்றதும் குளிர் ஏறும். உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளி, வெளியே நீர் புகாத மேலுடை.

பூட்ஸில் கூச்சம் வேண்டாம். ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போதும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முனையைத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் லேசாக விலக வேண்டும். குதிகால் உள்ளே தூக்கினால் வேறு ஜோடி கேளுங்கள். கொடுத்ததை மாட்டிக்கொண்டு வந்தால் கடைசி நாள் வரைக்கும் அவதிதான்.

முதல் சில நாட்கள் விழுவதும் எழுவதும்தான். பிறகு ஸ்கீ முனைகளை நெருக்கி, வால்களை அகட்டி, ஓட்டு வீட்டு முகடு மாதிரி வைத்து வேகத்தைக் குறைக்கச் சொல்லித்தருவார்கள். அது கைவரும் வரை உயரமான சரிவுக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுண்டிருக்கும்; விழும்போது கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். பயிற்றுநர் வேலைக்காகக் கற்பவர்கள் ஸ்கீயில் தொடங்குங்கள் என்பதே என் யோசனை.

வேலையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். அடிப்படைச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பயிற்றுநர் ஆக முடியாது. இடைநிலை, மேல்நிலை, அதற்கு மேல் பயிற்றுநர் பயிற்சி என்று சில குளிர்காலங்கள் ஓடிவிடும். அந்த வேலைக்கு உங்களோடு போட்டி போடும் குல்மார்க் பக்கத்துப் பிள்ளைகள் நடை பழகும்போதே சறுக்கியவர்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக இறங்கிய ஆரிஃப் கான் அந்த மண்ணில் வளர்ந்தவர்தான். வளைகுடாவுக்குப் போகும் எண்ணமிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: துபாயில் 2005-ல் திறந்த உள்ளரங்கப் பனித்தளமான ஸ்கீ துபாய் ஆண்டு முழுக்க இயங்குகிறது. உடற்கல்வியோ ஹோட்டல் மேலாண்மையோ படித்தவர்கள் அந்தப் பக்கமும் விசாரிக்கலாம்.

ஊரிலிருந்து பயிற்றுநருக்கு ஏதாவது கொண்டுபோகத் தோன்றும். பட்டாசுப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். சாத்தூர் காராச்சேவு இரண்டு கிலோ கட்டிக்கொள்ளுங்கள். அத்தனை தூரத்துக்கும் கெடாது.